நிலப்பட மென்பொருளும் வயலின் விஸ்தீர்ணமும்

ஒரு வயலுக்கு வேண்டிய விதையும் உரமும் அதன் விஸ்தீர்ணத்தைக் கொண்டே கணக்கிடப்படுகின்றன. வெள்ளத்தால் பயிர் அழியுமாயின், சேத மதிப்பும் அதனையே பற்றி நிற்கும். ஆதலின், கணிப்பொறியில் நிலப்படம் அமைக்கக் கற்போர் முதலில் நாடவேண்டுவது படத்தின் அழகன்று. அதற்கு ஆதாரமாயுள்ள விவரங்களின் திருத்தமேயாம். விலையின்றிக் கிடைக்கும் க்யூஜிஐஎஸ் என்னும் மென்பொருளில் பழகும் மிராசுதார்களும் கிராம அலுவலர்களும் கவனிக்கவேண்டிய முறைகளை ஈண்டுக் கூறுவோம்.

1. அட்டவணை: இம்மென்பொருளில் ஒவ்வொரு வயலும் ஒரு மூடிய உருவமாக வரையப்படும். அதன் சர்வே எண், உட்பிரிவு, பயிர் முதலியன அட்டவணையில் ஒரு வரியாக அமையும். சர்வே எண்ணை எண்ணாகக் கொள்ளாமல் எழுத்தாகவே பதிதல் வேண்டும். 5/3 என்பதைக் கணக்குத்தாள் மென்பொருளில் வாளா இட்டால், அது தேதியாக மாறிவிடக்கூடும். பின்னர் அட்டவணையைப் படத்தோடு இணைக்குங்கால், அவ்வயலின் விவரம் சேராது நின்றுவிடும்.

2. ஆயங்களின் வரிசை: கைபேசி பெரும்பாலும் அட்சரேகையை முன்னும் தீர்க்கரேகையைப் பின்னும் காட்டும். மென்பொருளோ கிடை அளவாகத் தீர்க்கரேகையையும், நிலை அளவாக அட்சரேகையையும் கேட்கும். தஞ்சாவூர் வட அட்சம் 10.8, கிழக்குத் தீர்க்கம் 79.1 பாகைகளில் உள்ளது. இவ்விரண்டையும் இடம் மாற்றிப் பதிந்தால், தஞ்சை வயல் வடதுருவத்தை அடுத்த ஸ்வால்பார்டு தீவுகளிற் போய் விழும்!

3. அளவை முறை: பாகைக் கணக்கிலுள்ள படத்தில் தளமாகப் பரப்பைக் கணக்கிட்டால் வருவது சதுரப் பாகையே, அது எதற்கும் பயன்படாது. இணையப் பின்னணிப் படங்களின் மெர்க்கேட்டர் முறையில் அவ்வாறு கணக்கிட்டாலோ, தஞ்சைப் பகுதியில் ஏக்கருக்கு ஏறத்தாழ நான்கு சென்ட் மிகையாகக் காட்டும். ஆகையால் படத்தை முதலில் மீட்டர் அளவுடைய யு.டி.எம். முறைக்கு மாற்றுக. கிழக்குத் தீர்க்கம் 78 பாகைக்குக் கிழக்கேயுள்ள தஞ்சை, திருச்சி, மதுரை நகரங்கள் வட 44-ஆம் மண்டலத்தைச் சார்ந்தவை; அதன் குறியீடு 32644. மேற்கேயுள்ள கோவை வட 43-ஆம் மண்டலத்தது, குறியீடு 32643.

இங்கே பலரும் தவறுவதுண்டு. படத்தின் குறியீட்டை மட்டும் திருத்துவது வேறு. படத்தையே புதிய முறைக்கு மாற்றிச் சேமிப்பது வேறு. மூட்டையின்மேல் எழுதிய பெயரை மாற்றினால் உள்ளிருக்கும் நெல்லின் இனம் மாறுமோ?

4. சரிபார்த்தல்: வந்த சதுர மீட்டரை 40.47 ஆல் வகுத்தால் சென்ட் கிடைக்கும். அதனைப் பட்டாவிலுள்ள விஸ்தீர்ணத்தோடு ஒப்பிடுக. பெரிதும் வேறுபடின், மேற்கூறிய மூன்றையும் மறுபடி ஆராய்க.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. கைபேசி காட்டும் இடம் திறந்த வெளியிலும் ஏறக்குறைய ஐந்து மீட்டர் பிசகக்கூடும். மரநிழலில் பிசகு இன்னும் மிகும். ஓர் ஏக்கர்ச் சதுர வயலின் பக்கமே சுமார் 64 மீட்டர்தான். எனவே, இப்படம் சாகுபடித் திட்டத்திற்கு உதவுமேயன்றி, வரப்புத் தகராற்றைத் தீர்க்க உதவாது. அதற்குப் புல வரைபடமும் நில அளவரின் நேரடி அளவையுமே பிரமாணம். அண்டை வயலாரோடு வழக்காடப் புகுமுன் இதனை நினைவிற் கொள்வது நலம்.