கோட்டைக்கு அருகில் ஒரு புகைக்கூண்டு

கேள்வி: செஞ்சியில் என் தகப்பனார் 1978-ஆம் ஆண்டில் நிறுவிய சிறிய புழுங்கலரிசி ஆலையை நான் நடத்தி வருகிறேன். உமியை எரித்து நீராவி உண்டாக்கி நெல் அவிக்கிறோம். ஆலையின் செங்கல் புகைக்கூண்டு 2024 நவம்பர் இறுதியில் வீசிய ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பின் விரிசல் கண்டுவிட்டது. உட்புறத்துத் தீச்செங்கல் வரிசையும் பாதிக்குமேல் உதிர்ந்துவிட்டது. விரிசல் வழியாக வரும் புகை பக்கத்து வீட்டு மாடியில் காயும் துணியிலும் வடகத்திலும் கரியாகப் படிவதாக அவ்வீட்டுப் பெரியவர் குறைப்பட்டு, வழக்குப் போடுவதாகச் சொல்கிறார். நாற்பது வருஷத்துக்கு மேலாகப் புகை விடுகிற எங்களுக்கு அனுபோக பாத்தியதை உண்டு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கொத்தனாரோ முழுவதையும் இடித்துவிட்டு இன்னும் உயரமாகக் கட்டிவிடலாம் என்கிறார். ஆலை, கோட்டையின் வெளிமதிலிலிருந்து எண்பது, தொண்ணூறு மீட்டர் தூரத்தில் இருக்கிறது. கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமாகிவிட்டதால் இனி ஒரு செங்கல்லைக்கூடத் தொட முடியாது என்றும் பேச்சு அடிபடுகிறது. நான் என்ன செய்வது?
— ஆலை உரிமையாளர், செஞ்சி

பதில்: அன்புடையீர், தங்கள் கடிதத்தில் மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. கோட்டையை முன்னிட்டு எழும் தடை ஒன்று. அண்டை வீட்டாரின் உரிமை மற்றொன்று. காற்றைப் பற்றிய சட்டம் மூன்றாவது. இவற்றைத் தனித்தனியே பிரித்துப் பார்ப்பதற்கு முன், எந்தச் சட்டத்தையும் புரட்டாமலே சொல்லக்கூடிய ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்: உட்சுவர் உதிர்ந்த புகைக்கூண்டின் அடியில் இனி ஒரு நாளும் நெருப்பு மூட்டாதீர்கள். வெப்பத்தைத் தாங்குவதற்கென்றே அமைந்த உட்சுவர் போனபின், சாதாரணச் செங்கல்லாலான வெளிச்சுவரே நேரடியாகச் சூடேறி விரிவதும், மழையில் நனைந்து சுருங்குவதுமாய், விரிசல் நாளுக்கு நாள் அகலும். அது சரிந்து ஒரு தொழிலாளிக்கோ வழிப்போக்கருக்கோ தீங்கு நேருமாயின், அதன்பின் எந்த அனுமதிச் சீட்டும் தங்களுக்கு அரணாக நிற்காது.

முதலில் கோட்டை விஷயம். 2025 ஜூலை 11-ஆம் தேதி, மராட்டியர் இராணுவ நிலப்பரப்புகள் என்ற தொகுதியிலுள்ள பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாக, மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ள ஒரே கோட்டையாக, செஞ்சி உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது உண்மையே. ஆனால் அந்தப் பட்டியலின் காரணமாகத் தங்கள் ஆலைமீது புதிய தடை எதுவும் பிறந்துவிடவில்லை. தங்களைக் கட்டுப்படுத்துவது, பட்டியலுக்கு வெகுகாலம் முன்னரே இருந்துவரும் 1958-ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டமும், அதில் 2010-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட திருத்தங்களுமேயாகும். பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து நூறு மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி என்றும், அதற்கு அப்பால் இருநூறு மீட்டர் வரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி என்றும் அச்சட்டம் வகுக்கிறது. இந்தத் தூரம், கண்ணுக்குத் தெரியும் மதிலிலிருந்தன்று, பாதுகாக்கப்பட்டதென அறிவிக்கப்பட்ட நிலத்தின் எல்லையிலிருந்து அளக்கப்படுவது. ஆகவே தங்கள் எண்பது மீட்டர்க் கணக்கு கூடவும் குறையவும் இடமுண்டு. இந்தியத் தொல்லியல் துறையின் வரைபடத்தையும் தங்கள் புல எண்ணையும் ஒத்துப் பார்த்து எழுத்து மூலமான பதில் பெறுவதே முதல் காரியம்.

தாங்கள் நூறு மீட்டருக்குள்தான் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டாலும், செங்கல்லைத் தொடவே கூடாது என்பது சட்டத்தின் கருத்தன்று. பழுதுபார்த்தல், புதுப்பித்தல் என்பவற்றுக்கு அச்சட்டமே இலக்கணம் கூறுகிறது: ஏற்கெனவே உள்ள கட்டடத்தில் செய்யும் மாற்றங்கள் அதில் அடங்கும், புதிதாகக் கட்டுவதும் இடித்துத் திரும்பக் கட்டுவதும் அடங்கா. 1992 ஜூன் 16-ஆம் தேதிக்கு முன்பிருந்தே தடைசெய்யப்பட்ட பகுதியில் நிற்கும் கட்டடத்தின் சொந்தக்காரர், அதைப் பழுதுபார்க்க அனுமதி கேட்டுத் தகுதிபெற்ற அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம் என்று 20சி பிரிவு தெளிவாகச் சொல்கிறது. தங்கள் ஆலை 1978-இல் எழுந்தது. ஆகவே இந்த வாசல் தங்களுக்குத் திறந்தே இருக்கிறது. உதிர்ந்த தீச்செங்கல்லை அகற்றி அதே கூண்டினுள் புதிய உட்சுவர் எழுப்புவதும், அல்லது எஃகுக் குழாய் ஒன்றை உள்ளே இறக்குவதும், வெளி விரிசலைச் சுண்ணக் கலவையால் அடைப்பதும் என் அபிப்பிராயத்தில் பழுதுபார்ப்பின் எல்லைக்குள் அடங்குபவையே.

கொத்தனாரின் யோசனையோ முற்றிலும் வேறு. தடைசெய்யப்பட்ட பகுதியில் ஒருமுறை இடித்துவிட்டால், மீண்டும் எழுப்புவதற்கு அனுமதி வழங்கச் சட்டம் இடம் தரவில்லை. அனுமதியின்றி எழுப்பினாலோ, இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 30ஏ பிரிவு விதிக்கிறது. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தங்கள் குடும்பத்துக்குச் சோறு போட்ட புகைக்கூண்டை ஒரே வாரத்தில் கடப்பாரைக்குக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு முழம்கூட உயர்த்த முடியாமல் நிற்கும் நிலைமை தங்களுக்கு வரக்கூடாது என்பதே என் கவலை. அளவையில் தங்கள் ஆலை நூறு மீட்டருக்கு அப்பால் இருப்பதாகத் தெரியவந்தால் மட்டும், முன் அனுமதி பெற்றுத் திரும்பக் கட்டுவதைப் பற்றிச் சிந்திக்கலாம்.

விண்ணப்பத்தோடு, ஆலை 1992-க்கு முற்பட்டது என்பதற்கான அத்தாட்சிகளாகப் பழைய வரி ரசீதுகள், மின் இணைப்பு அட்டை, ஆலை உரிமம், வரைபடம் ஆகியவற்றையும், கூண்டின் இப்போதைய உயரம், அகலம் இவற்றைக் குறித்த பொறியாளரின் அறிக்கையையும், நான்கு பக்கமும் எடுத்த புகைப்படங்களையும் இணையுங்கள். விண்ணப்பத்தைப் பெறும் அதிகாரி அதைப் பதினைந்து நாட்களுக்குள் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் இரண்டு மாதத்திற்குள் தன் முடிவைத் தெரிவிக்க வேண்டும். அதன்பின் ஒரு மாதத்திற்குள் தங்களுக்குப் பதில் வர வேண்டும். இவை சட்டம் வகுத்த கெடுக்கள். இந்த இடைக்காலத்தில் கூண்டைச் சுற்றி வேலி கட்டி ஆட்கள் அணுகாமல் காப்பதும், சரியக்கூடிய பக்கத்துக்குத் தாங்குகால் கொடுத்து அதை உடனே அதிகாரிகளுக்கு எழுதித் தெரிவிப்பதும் தங்கள் கடமை.

இனி அனுபோக பாத்தியதை. 1882-ஆம் ஆண்டின் ஈஸ்மெண்ட் சட்டம் தொடக்கத்திலேயே அமலுக்கு வந்த பிரதேசங்களுள் நம் சென்னை மாகாணமும் ஒன்று. அதன் 7-ஆம் பிரிவு, ஒவ்வொரு நில உரிமையாளருக்கும் தம் நிலத்துக்கு வரும் காற்றைப் பிறர் நியாயமற்ற முறையில் அசுத்தப்படுத்தாதிருக்கும் உரிமை உண்டென உதாரணத்தோடு கூறுகிறது. அந்த உரிமைக்கு எதிராகத் தாங்கள் பாத்தியதை கோர வேண்டுமானால், இருபது ஆண்டுகள் பகிரங்கமாகவும் தடையின்றியும் உரிமையுடனும் அனுபவித்ததையும், அந்த அனுபவம் வழக்குக்கு முந்திய இரண்டு ஆண்டுகளுக்குள் வரை நீடித்ததையும் மெய்ப்பிக்க வேண்டும். ஆனால் தாங்கள் இதுகாறும் அனுபவித்தது எது? கூண்டின் உச்சியிலிருந்து வானில் கலைந்துபோகும் புகையை வெளியிட்டதே. பக்கவாட்டு விரிசல் வழியாக மாடி உயரத்தில் கசிகிற புகை, புயலுக்குப் பின் பிறந்த புதிய உபத்திரவம். அதற்கு வயது ஓரிரு ஆண்டே, நாற்பதாண்டன்று. அனுபவிக்கும் முறையை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அண்டை நிலத்தின்மேல் கூடுதல் சுமை ஏற்றலாகாது என்று அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவும் சொல்கிறது. ஆகவே நண்பர்கள் கூறும் வாதத்தை நம்பித் தாங்கள் நீதிமன்றம் ஏற வேண்டாம்.

பக்கத்து வீட்டாருக்கு இரண்டு வழிகள் உண்டு. உரிமையியல் நீதிமன்றத்தில் நஷ்டஈடும் தடையுத்தரவும் கோரலாம். அல்லது 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவின்கீழ் நிர்வாக நடுவரை நாடலாம். பொதுமக்களுக்கு உபத்திரவமான தொழிலை ஒழுங்குபடுத்தவும், விழக்கூடிய நிலையிலுள்ள கட்டடத்தைப் பழுதுபார்க்கவோ தாங்கு கொடுக்கவோ அகற்றவோ ஆணையிடவும் அவருக்கு அதிகாரம் உண்டு. இதற்கு முன்னோடியான பழைய 133-ஆம் பிரிவின்கீழ் 1980-இல் தீர்ப்பான ரத்லாம் நகராட்சி வழக்கில், பணமில்லை என்ற நகராட்சியின் சமாதானத்தை நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் ஏற்க மறுத்துவிட்டார். தனியாரின் செலவுக் கணக்கை நீதிமன்றம் அதைவிட இரக்கத்தோடு பார்க்கும் என்று எதிர்பார்ப்பது தகாது.

மூன்றாவதாக, 1981-ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டம். காற்று மாசு வெளியேறக்கூடிய வாயுள்ள எந்த அமைப்பும் அதன் பார்வையில் புகைபோக்கியே. எனவே தங்கள் விரிசலும் ஒருவகையில் அனுமதி பெறாத புகைபோக்கியாகிவிடுகிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையில், வாரியம் ஒப்பும் அளவுகளின்படி புகைபோக்கியை எழுப்பவோ திரும்ப எழுப்பவோ வேண்டும் என்பதும், மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளை எப்போதும் நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும் என்பதும் 21-ஆம் பிரிவு விதிக்கும் நிபந்தனைகள். பழுதுபார்த்தபின் உயரமோ உள்வட்டமோ மாறுமானால், வேலை தொடங்குமுன்பே மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்குத் தெரிவித்துவிடுங்கள். நீராவிக் கொதிகலனின் எந்த உறுப்பையும் தொட நேர்ந்தால், கொதிகலன் ஆய்வாளரின் ஒப்புதலும் அவசியம்.

வேலையை யார் செய்கிறார்கள் என்பதும் சட்ட விஷயமே. கட்டடத்தைப் பழுதுபார்க்கும்போது அதன் பகுதி விழுந்து உயிருக்கு ஆபத்து நேராதபடி எச்சரிக்கை கொள்ளாதவரை பாரதிய நியாய சன்ஹிதாவின் 290-ஆம் பிரிவு தண்டிக்கிறது. ஆகவே புகைக்கூண்டு வேலையில் பழகிய ஆட்களை அமர்த்தி, சாரம், பாதுகாப்புக் கயிறு, வேலையாட்களுக்கான காப்பீடு இவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கரியை வழித்து, தளர்ந்த வரிசையை எடுத்து, தீக்களிமண் சாந்தில் தீச்செங்கல் பதிக்க வேண்டும். சாதாரண சிமெண்டு வெப்பத்தில் வலுவிழந்து உதிர்ந்துவிடும். உட்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் இடையே விரிவுக்கு இடம் விட்டு, முடிந்தபின் சில நாட்கள் சிறு நெருப்பில் மெல்ல உலர்த்தி, அதன்பின்னரே முழு நெருப்பு மூட்ட வேண்டும். இவ்வளவையும் பொறியாளர் கையொப்பத்தோடு ஆவணமாக்கி வைத்தால், நாளை எழும் எந்த வழக்கிலும் அதுவே தங்கள் சிறந்த சாட்சி.

செஞ்சிக் கோட்டையின் அடிவாரத்தில் நெல்லைக் காத்துவைக்க எழுப்பிய களஞ்சியத்தைத் தாங்கள் சிறு வயது முதல் பார்த்திருப்பீர்கள். அதன் தடித்த சுவர்கள் இன்றும் நிற்பதற்குக் கட்டியவர்களின் கைத்திறன் ஒரு காரணமென்றால், விரிசல் கண்டபோதெல்லாம் அடைத்துவைத்த கைகள் இன்னொரு காரணம். அந்த மலையின் நிழலில் நெல் அவிக்கும் தங்களுக்கும் அதே தர்மந்தான்: தொழில் நடத்தும் உரிமை புகைக்கூண்டின் வயதிலிருந்து வருவதன்று, அதன் ஆரோக்கியத்திலிருந்து வருவது.

ஆதலால் விண்ணப்பத்தை அனுப்பும் அன்றே அதன் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குச் செல்லுங்கள். நெருப்பு அணைக்கப்பட்டுவிட்டது என்றும், அனுமதி வந்து உட்சுவர் முடியும்வரை மூட்டப்படாது என்றும் எழுதிக் கையொப்பமிட்டு அப்பெரியவரிடம் கொடுங்கள். கரி படிந்து வீணான பொருளுக்கு ஈடு தரவும் முன்வாருங்கள். தங்கள் கடிதத்திலிருந்து நான் அறிந்தவரை, அவர் கேட்பது ஆலையை மூடுவதையன்று, மாடியில் வடகம் வெள்ளையாகக் காய்வதையே. அதைத் தாங்களே கொடுத்துவிட்டால், வழக்குக்கு வேலை இராது.