விரலில் மை: கை இல்லாதவருக்கு எங்கே?

கேள்வி: வாக்களிக்கும்போது இடது கை ஆள்காட்டி விரலில் மை வைக்கிறார்கள். அந்த விரலே இல்லாதவருக்கு?

பதில்: 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகள் இதற்கும் வழி சொல்லியிருக்கின்றன. இடது ஆள்காட்டி விரல் இல்லையென்றால் அதே கையின் வேறொரு விரலில் வைக்கலாம். இடது கையில் விரல்களே இல்லையென்றால் வலது ஆள்காட்டி விரல். அதுவும் இல்லாவிட்டால் வலது கையின் வேறு விரல். இரு கைகளிலும் விரல்கள் இல்லாதவருக்கு, இருக்கும் கையின் நுனியில் மை வைக்கப்படும். உடற்குறையைக் காரணம் காட்டி ஒருவரையும் திருப்பி அனுப்ப இடம் தராத அருமையான விதி இது.

மையில் இருப்பது வெள்ளி நைட்ரேட். தோலிலுள்ள உப்போடு சேர்ந்து, வெளிச்சம் பட்டதும் கறுத்துவிடும். சோப்பு போட்டுத் தேய்த்தாலும் போகாது. தோலில் பட்டது சில நாட்களில் உதிரும். நகத்தில் பட்டதோ நகம் வளர்ந்து வெட்டப்படும்வரை நிற்கும். 2006-லிருந்து நகத்தின் மேல்முனை தொடங்கி முதல் கணுவரை கோடாக இழுக்கிறார்கள்.

1962 பொதுத்தேர்தல் முதல் இந்த மையைத் தயாரித்துத் தருவது, 1937-இல் மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் தொடங்கிய மைசூர் பெயின்ட் தொழிற்சாலை.

2016 பணமதிப்பிழப்பின்போது வங்கியில் பழைய நோட்டு மாற்றியவர்களுக்கும் மை வைத்தார்கள். தஞ்சாவூர், அரவக்குறிச்சி, திருப்பரங்குன்றம் தொகுதிகளின் தேர்தல்கள் அந்த நவம்பரில்தான் நடந்தன. குழப்பம் வரக்கூடாதென்று தேர்தல் ஆணையம் நிதியமைச்சகத்துக்குக் கடிதம் எழுதியது.