ஒளி எழுதும் ஓவியம்: நிழற்படக் கலையும் படத்திருத்தமும்

கண்பார்வை அல்லாஹ் மனிதனுக்கு அளித்த பெரும் அருட்கொடைகளுள் ஒன்றாகும். தான் கண்டதைப் பிறருக்கும் காட்ட வேண்டும் என்ற மனிதனின் ஆசையிலிருந்தே நிழற்படக் கலை பிறந்தது. இன்று மாத்தளையிலும் உக்குவளையிலும் ரத்தோட்டையிலும் கைத்தொலைபேசி இல்லாத வீட்டைக் காண்பது அரிது. கைத்தொலைபேசி உள்ள இடத்தில் கமராவும் படத்தைத் திருத்தும் செயலியும் இருக்கின்றன. ஆனால் அவற்றைக் கொண்டு எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பதை நாம் முறையாகக் கற்பதில்லை. "பிள்ளை எந்நேரமும் போனோடுதான்" என்று பெற்றோர் கவலைப்படுவதும், "எல்லாரும்தானே படம் எடுக்கிறார்கள்" என்று பிள்ளைகள் பதில் கூறுவதும் வழக்கமாகிவிட்டன. இக்கட்டுரை இரு சாராருக்கும் உரியது.

இருட்டறையில் தொடங்கிய கலை

கமராவின் அடிப்படைத் தத்துவத்தைச் சோதனைகளால் தெளிவாக விளக்கியவர்களுள் முதன்மையானவர் இப்னுல் ஹைத்தம் ஆவார். ஏறத்தாழ கி.பி. 965இல் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இவர், 'கிதாபுல் மனாழிர்' எனும் ஒளியியல் நூலை எழுதினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் நாம் காண்கிறோம் என்ற பழைய கருத்தை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே பார்வை உண்டாகிறது என்று அவர் நிறுவினார். ஒரு துவாரத்தின் முன் பல விளக்குகளை வரிசையாக வைத்தார். உள்ளே இருட்டில் ஒவ்வொரு விளக்குக்கும் ஒவ்வோர் ஒளிப்பொட்டு விழுந்தது. ஒரு விளக்கை மறைத்ததும் அதற்குரிய பொட்டு மட்டும் மறைந்தது. ஒளி நேர்கோட்டில் செல்கிறது என்பதையும், பல ஒளிகள் ஒரே துவாரத்தினூடாகச் சென்றாலும் ஒன்றோடொன்று கலந்து குழம்புவதில்லை என்பதையும் இச்சோதனை காட்டியது.

அந்த இருட்டறையில் விழும் பிம்பத்தை நிலைக்கச் செய்யும் வழி 19ஆம் நூற்றாண்டில் கண்டுபிடிக்கப்பட்டது. 1839இல் பிரான்சில் தாகேரின் முறையும் இங்கிலாந்தில் டல்போட்டின் முறையும் உலகுக்கு அறிவிக்கப்பட்டன. இக்கலைக்கு ஐரோப்பியர் வழங்கிய 'போட்டோகிராபி' என்ற பெயர், ஒளி, எழுதுதல் என்ற பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களால் ஆனது.

ஆரம்பத்திலேயே பெண்களும் இக்கலையில் முன்னின்றனர். அனா அட்கின்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி, கமரா எதுவுமின்றி, ஒளிபட்டால் நீலநிறமாகும் இரசாயனம் பூசிய தாளில் கடற்பாசிகளை வைத்து வெயிலில் காட்டிப் படங்களாக்கி, 1843இல் நூலாக வெளியிடத் தொடங்கினார். நிழற்படங்களால் விளக்கப்பட்ட முதலாவது நூல் அதுவே எனக் கருதப்படுகிறது. ஜூலியா மார்கரட் கமரன் தமது 48ஆவது வயதில், மகள் அன்பளிப்பாகத் தந்த கமராவைக் கொண்டு இக்கலையைப் பயின்றார். 1875இல் இலங்கைக்கு வந்த அவர், இங்குள்ள தொழிலாளரையும் கிராமத்தவரையும் படம் பிடித்தார். 1879இல் இந்நாட்டிலேயே காலமாகி பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார்.

லயனல் வென்ட்: நம் நாட்டு முன்னோடி

படத்தை எடுப்பதோடு நின்றுவிடாமல், இருட்டறையில் அதைப் பலவாறு மாற்றிப் பரிசோதித்த இலங்கையர் லயனல் வென்ட். 1900இல் கொழும்பில் பிறந்த இவர் இங்கிலாந்தில் சட்டமும் பியானோ இசையும் பயின்றார். நாடு திரும்பிய பின் சட்டத்தொழிலைக் கைவிட்டு, 1930களின் தொடக்கத்தில் நிழற்படக் கலையில் ஆழ்ந்து இறங்கினார். அது அவரது பிழைப்புக்கான தொழிலன்று. ஆர்வத்தால் செய்தவர் என்ற பொருளில் அவரும் நம்மைப் போன்ற ஒரு பொழுதுபோக்காளரே. 1934இல் வெளிவந்த 'சோங் ஒஃப் சிலோன்' என்ற ஆவணப்படத்தில் ஒலிக்கும் குரல் அவருடையது. 1938இல் அவரது தனிக் கண்காட்சி இலண்டனில் நடைபெற்றது. நவீன ஓவியர்களின் '43 குழு' 1943இல் உருவானபோதும் அவர் முன்னின்று உதவினார்.

வென்ட் கையாண்ட முறைகளுள் மூன்றை நாம் அறிய வேண்டும். முதலாவது, ஒன்றுக்கு மேற்பட்ட படங்களை ஒன்றாகச் சேர்த்துப் புதிய காட்சியொன்றை ஆக்குதல். இரண்டாவது, கமராவின்றிப் பொருள்களை நேரடியாக ஒளியுணர் தாளில் வைத்து நிழலுரு எடுத்தல். மூன்றாவது 'சோலரைசேஷன்' எனப்படுவது. படம் இரசாயனத்தில் தோன்றிக்கொண்டிருக்கும்போதே ஒரு கணம் வெளிச்சத்தைக் காட்டினால், அதுவரை தோன்றாத பகுதிகளும் கறுக்கத் தொடங்கும். இருளும் ஒளியும் சந்திக்கும் விளிம்பில் மெல்லிய கோடொன்று எஞ்சும். அதனால் படம், பாதி நிழற்படமாகவும் பாதி கோட்டோவியமாகவும் தோன்றும்.

1944 டிசம்பரில் வென்ட் காலமானார். அவரது மறைவுக்குப் பின் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. அச்சிட்ட படங்களிலிருந்தே 1950இல் அவரது நூல் வெளிவந்தது. கொழும்பிலுள்ள லயனல் வென்ட் கலையரங்கம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மூலப்படம் அழிந்தால் மீண்டும் பெற முடியாது என்பதை இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கிறது. ஆகவே படத்திருத்தத்தின் முதல் விதி: மூலப்படத்தில் கை வைக்காதே, பிரதியொன்றை எடுத்து அதையே திருத்து.

ஒளியைப் பார்க்கப் பழகுவோம்

நல்ல படத்துக்கு விலையுயர்ந்த கமராவை விட ஒளியைக் கவனிக்கும் கண்ணே முக்கியம். நம் மாவட்டத்திலுள்ள சீகிரியாவை எடுத்துக்கொள்வோம். மேற்குப்புற நீர்ப்பூங்காவில் நின்று பார்க்கும்போது, காலையில் சூரியன் பாறைக்குப் பின்னால் இருக்கும். பாறை கரிய நிழலுருவாகத் தெரியும். மாலையில் அதே முகத்தில் வெயில் நேராக விழுந்து செம்மஞ்சள் நிறமாகும். நிற்கும் இடம் ஒன்றுதான். நேரம் மாறியதால் படம் வேறாகிவிட்டது. 1870களின் தொடக்கத்திலேயே ஜோசப் லோட்டன் என்பவர் பாரமான கமராவையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்து சென்று சீகிரியாவைப் படம் பிடித்திருக்கிறார்.

ரிவர்ஸ்டனில் மூடுபனியைப் படமெடுத்தால் அது பெரும்பாலும் சாம்பல் நிறமாக வரும். காட்சி முழுவதும் பிரகாசமாக இருப்பதால், கமரா அதைத் தன் கணக்கில் குறைத்துவிடுகிறது. திரையைத் தொட்டு வெளிச்சத்தின் அளவைச் சற்றுக் கூட்டினால் பனி வெண்மையாகும். வீட்டுக்குள் எடுப்பதாயின் மின்குமிழை அணைத்துவிட்டு, பொருளை யன்னலோரம் வையுங்கள். உம்மா முறத்தில் காயவைத்த மிளகும், உம்மம்மாவின் பித்தளைப் படிக்கமும் பக்கவாட்டு ஒளியில் எவ்வளவு அழகு பெறுகின்றன என்று பாருங்கள்.

உருவப்படம் குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அதில் பேணுதலைக் கடைப்பிடிக்கும் குடும்பத்து மாணவியருக்கும் இக்கலையில் தாராளமாக இடமுண்டு. இலை, மழை, மலை, நிழல், கைவினை, கட்டடம் என ஒரு வாழ்நாளுக்குப் போதுமான பொருள்கள் நம்மைச் சுற்றியே இருக்கின்றன.

மூன்று பயிற்சிகள்

1. மஞ்சள் படம். கமராவோ இருட்டறையோ தேவையில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் மஞ்சள் தூளைக் கரைத்து வடிகட்டி, தடித்த வெள்ளைத் தாளில் தூரிகையால் பூசுங்கள். அடுப்புக்கோ விளக்குக்கோ அருகில் இதைச் செய்ய வேண்டாம். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும். தாளை இருட்டில் உலரவிட்டு, அதன்மேல் மிளகுக் கொடியின் இலையையோ பன்னத் தழையையோ வைத்துக் கண்ணாடியால் அழுத்தி, கடும் வெயிலில் சில மணி நேரம் வையுங்கள். மஞ்சளின் நிறப்பொருள் வெயிலில் வெளிறும். இலை மறைத்த இடம் மட்டும் மஞ்சளாகவே இருக்கும். பின்னர் வெண்காரம் கரைத்த நீரைத் தடவினால், எஞ்சிய மஞ்சள் செம்பழுப்பாக மாறி உருவம் தெளிவாகும். இது வெளிச்சத்தில் நாளடைவில் மங்கும். ஆகவே அல்பத்துக்குள் வைத்துப் பாதுகாக்க வேண்டும்.

2. இரட்டைப் படம். வெளிறிய வானத்தின் முன் நிற்கும் மரத்தைக் கரிய நிழலுருவாக எடுங்கள். இரண்டாவதாக ஓர் இலையின் நரம்புகளை அருகிலிருந்து எடுங்கள். ஸ்னாப்சீட் போன்ற இலவசச் செயலியிலுள்ள இரட்டைப் பதிவுக் கருவியில் இரண்டையும் சேர்த்து, பிரகாசமான பகுதி மேலோங்கும் முறையைத் தெரிவு செய்தால், மரத்தின் கருமைக்குள் இலை நரம்புகள் தோன்றும்.

3. வென்ட்டின் கோடு. ஒரு படத்தைக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். வளைகோட்டுக் கருவியில் இடமிருந்து வலமாக ஏறிச்செல்லும் கோடொன்று இருக்கும். இடப்பக்கம் இருண்ட பகுதிகளையும் வலப்பக்கம் வெளிச்சமான பகுதிகளையும் குறிக்கும். கோட்டின் நடுவை மேலே உயர்த்தி, வலது முனையைக் கீழே இறக்குங்கள். வெளிச்சமான இடங்கள் கறுத்து, அன்று வென்ட் இருட்டறையில் பெற்றதைப் போன்ற தோற்றம் இன்று உங்கள் விரல் நுனியில் கிடைக்கும்.

திருத்தம் எப்போது பொய்யாகிறது?

மேற்கூறிய படங்களைப் பார்ப்போர் எவரும் ஏமாறுவதில்லை. மரத்துக்குள் இலை நரம்பு இருப்பதாக யாரும் நம்பப்போவதில்லை. ஆனால் எல்லாத் திருத்தமும் அப்படியல்ல.

1917இல் இங்கிலாந்தின் கொட்டிங்லி கிராமத்தில் 16 வயதுச் சிறுமியும் அவளது 9 வயது உறவுக்காரச் சிறுமியும், தாளில் வரைந்து வெட்டிய தேவதை உருவங்களைத் தொப்பி ஊசியால் நிறுத்திப் படமெடுத்தனர். அது வீட்டு விளையாட்டு. ஆனால் ஷேர்லொக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கொனன் டொயில் அவற்றை உண்மையென நம்பிச் சஞ்சிகையில் எழுதினார். பேரறிஞரை ஏமாற்றிவிட்டோமே என்ற வெட்கத்தால் அவ்விருவரும் வாய் திறக்கவில்லை. 1983இல், முதுமையில்தான் உண்மையை ஒப்புக்கொண்டனர்.

2006இல் லெபனான் மீது நடந்த போரின்போது, பெய்ரூட் நகரில் எழுந்த புகையைக் கணினியில் கூட்டிக்காட்டிய படமொன்றை ரொய்ட்டர்ஸ் நிறுவனம் வெளியிட்டது. குட்டு வெளிப்பட்டதும் அப்படத்தை மீளப்பெற்று, அப்படப்பிடிப்பாளரின் 920 படங்களையும் விற்பனையிலிருந்து அகற்றியது. குண்டுத்தாக்குதல் உண்மை, புகையும் உண்மை. கூட்டிய புகையால் உண்மையான துயரமும் சந்தேகத்துக்குள்ளானது. நியாயத்துக்காகச் சொல்லும் பொய்யும் நியாயத்தையே பலவீனப்படுத்தும்.

எனவே அளவுகோல் இதுதான்: பார்ப்பவர் இதை நடந்த நிகழ்வாக எண்ணுவாரா? எண்ணுவாராயின், வெளிச்சத்தைச் சீராக்கலாம், ஓரங்களை வெட்டலாம். இல்லாததைச் சேர்க்கவோ இருப்பதை நீக்கவோ கூடாது. கற்பனைப் படமாயின் தாராளமாக மாற்றலாம். ஆனால் அது கற்பனை என்று சொல்லிவிட வேண்டும்.

முகமும் மானமும்

முகத்தை வெண்மையாக்கும் ஃபில்டர்களும் ஒருவகைப் பொய்யே. முன்னொரு காலத்தில் கொடாக் நிறுவனத்தின் நிறப்படச்சுருள், வெள்ளைத் தோலுடைய பெண்ணின் மாதிரிப் படத்தை வைத்தே சீராக்கப்பட்டது. கருந்தோல் அதில் சரியாகப் பதியவில்லை. சொக்லட், மரத்தளபாட உற்பத்தியாளர் தமது பொருள்களின் பழுப்பு நிற வேறுபாடு படத்தில் தெரியவில்லை என்று முறையிட்டதும் அது திருந்தக் காரணமாயிற்று. அன்று இயந்திரத்தின் குறை நம் நிறத்தை மறைத்தது. இன்று நாமே பொத்தானை அழுத்தி மறைக்கிறோம். படைத்தவன் தந்த நிறத்தைக் குறையெனக் கருதும் பழக்கம் திரையில் தொடங்கி மனதில் குடியேறிவிடும்.

பிறருடைய படம் ஓர் அமானிதமாகும். தோழியின் படத்தை அவளது அனுமதியின்றி எடுப்பதும், திருத்துவதும், குழுக்களில் பகிர்வதும் நம்பிக்கைத் துரோகம். வகுப்பறையில் வேடிக்கையாகத் தொடங்கும் ஒரு திருத்தம், ஒரு பெண்பிள்ளையின் படிப்பையே நிறுத்திவிடக்கூடும். நம் நாட்டில் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இணையவழித் துன்புறுத்தலைக் குற்றமாகக் கொள்கிறது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மகளின் படத்தை யாரேனும் தவறாகத் திருத்தி அச்சுறுத்தினால், முதலில் மகளைக் கடிந்துகொள்ளாதீர்கள். வாப்பா ஏசுவார், போனைப் பறிப்பார் என்ற பயத்தால் பிள்ளை மௌனமாக இருப்பதே அச்சுறுத்துபவனின் பலம். படத்தையும் செய்தியையும் அழிக்காமல் சான்றாக வைத்துக்கொண்டு முறையிடுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கம் இதற்காகவே உள்ளது.

கமராவைப் பறிப்பதைவிட, அதைப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதே நன்று. ஒவ்வொரு வீட்டிலும் பழைய அலுமாரியில் மங்கிய கறுப்பு வெள்ளைப் படங்கள் சில இருக்கும். இந்த விடுமுறையில் யன்னலோர வெளிச்சத்தில் அவற்றைக் கைத்தொலைபேசியில் பிரதி எடுங்கள். கறைகளையும் கீறல்களையும் பிரதியில் மட்டும் நீக்குங்கள். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அதைச் சொல்லக்கூடியவர்கள் நம்மோடு இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.