நிழற்படமும் கேட்ட இசையும்

நிழற்படம் ஒலியைக் கொள்வதன்று. மாலை அரங்கின் மங்கிய ஒளியில் அது பற்றுவது, ஒரு விநாடியின் முப்பதில் ஒரு பங்கு போன்ற சிறு பொழுதே. பாடுவோரின் திறந்த வாயும் உயர்ந்த கையும் அதில் நிற்கும், பாட்டோ நில்லாது. எனினும், படமெடுப்பதில் ஆர்வமுடைய நண்பர்கள் கூடித் தத்தம் படங்களை மாற்றிக் காணுங்கால், ஒருவர் மறந்த அடியை மற்றொருவர் பாடிக் காட்டுவர்.

1958-ஆம் ஆண்டுத் தேவிகுளம் இடைத்தேர்தலின்போது, போடிமெட்டுக்கு அப்பாலுள்ள மலைத்தோட்டத் தொழிலாளரிடையே, இளையராஜாவின் தமையனார் பாவலர் வரதராஜன் பாடினார். அன்று சிறுவராய்க் கேட்டோரும் இன்று முதியோர் ஆயினர். அவர் மறைவரேல், அக்காலப் படங்கள் ஊமையாய்விடும். ஆகலின், நம் இல்லங்களிலுள்ள இத்தகைய படங்களை அவர்முன் வைத்து, பாடியவர், இடம், நாள், பாட்டு ஆகியவற்றை வினவி, மென்மையான பென்சிலால் படத்தின் பின்புறத்தே எழுதி வைத்தல் நம் கடனாம்.