எதிர்காலத்துக்கு ‘வில்’ மட்டும் போதுமா?

மட்டக்களப்பில் விடைபெறும்போது “போயிட்டு வாறன்” என்கிறோம். திரும்பி வருவது இனிமேல்தான், சொல்வதோ நிகழ்காலத்தில். அடுத்த வீட்டிலிருந்து கூப்பிட்டால், பாயை விட்டு எழும்பாமலே “இந்தா வந்திட்டன்” என்கிறோம். அது இறந்தகாலம்! இப்படிப் பேசும் நாம், பிள்ளை ஆங்கிலப் புத்தகத்தை விரித்ததும், எதிர்காலம் என்றால் ‘வில்’ என்று ஒரே சொல்லைக் கொடுத்துவிடுகிறோம்.

‘செய்வேன்’ என்பதில் நமக்கு எதிர்காலத்தைக் காட்ட ஒரு வகரம் இருக்கிறது. ஆங்கில வினைக்கு அப்படியோர் உருபு கிடையாது. ‘வில்’ என்பது பழைய ஆங்கிலத்தில் ‘விரும்பு’ என்று பொருள்பட்ட வினை. நாம் சொல்லும் ‘உயில்’ அந்தக் குடும்பத்துச் சொல்தான். ஆகவே, ‘எப்போது நடக்கும்?’ என்று மட்டும் கேட்டால் போதாது, ‘எப்போது தீர்மானித்தேன்?’ என்றும் பிள்ளை கேட்டுப்பார்க்க வேண்டும்.

பாசிக்குடா ஹோட்டலொன்றில் உங்கள் மகன் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான் என்று வையுங்கள். விருந்தினர் பெட்டியைத் தூக்க முடியாமல் நிற்கிறார். “ஐ வில் கேரி இட்” என்பதே சரி. எண்ணம் அந்தக் கணத்தில் பிறந்தது. “நான் தூக்குறன்” என்ற நம் வழக்கப்படி “ஐ கேரி இட்” என்றால், தினமும் தூக்குவது தன் வழக்கம் என்றாகிவிடும். “ஐ ஆம் கோயிங் டு கேரி இட்” என்றாலோ, முன்பே முடிவுசெய்து வைத்திருந்தான் என்று பொருள்.

வெளிநாட்டிலுள்ள சின்னம்மா, “எப்போது வருகிறாய்?” என்று கேட்கிறார். டிக்கெட் எடுத்தாயிற்றா? “ஐ ஆம் கமிங் ஆன் மண்டே” என்று சொல்லலாம். “ஐ வில் கம்” பிழையல்ல. ஆனால் ஒழுங்குகள் முடிந்துவிட்டன என்பதை அது காட்டாது. அவர் மறுபடியும் விசாரிக்க நேரலாம். புகையிரத நேரசூசிக்கோ சாதாரண நிகழ்காலமே போதும்: “த ட்ரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ் டுமாறோ.”

வாவிக்கு மேலே வானம் கறுத்துவிட்டால் “இட் இஸ் கோயிங் டு றெயின்”. அறிகுறி கண்முன்னே இருக்கிறது. “இட் இஸ் றெயினிங் டுமாறோ” என்று சொல்லக்கூடாது. மழையோடு யார் ஒழுங்கு செய்துகொள்வது?

அதிகம் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. “அப்பா வந்ததும் சொல்வேன்” என்பதை “வென் ஃபாதர் வில் கம்” என்று பிள்ளைகள் தொடங்குவார்கள். நேரத்தைக் குறிக்கும் அந்த ‘வென்’னுக்குப் பின்னால் ‘வில்’ வராது: “வென் ஃபாதர் கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்.”

‘ஐ’க்கு ‘ஷல்’ என்றுதான் அப்பப்பா படித்திருப்பார். 1653இல் ஜோன் வாலிஸ் தம் இலக்கணநூலில் எழுதிவைத்த விதி அது. இன்று அது “ஷல் ஐ ஓப்பன் த டோர்?” போன்ற கேள்விகளிலேயே பெரும்பாலும் உயிரோடிருக்கிறது. அப்பப்பாவைத் திருத்தப் போகவேண்டாம்.

இன்றிரவு பிள்ளையிடம் இதை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள்: “மழை வரப்போகுது, நான் தோணியைக் கரைக்கு இழுக்கிறன்.” முதற்பாதிக்கு ஒன்று, மறுபாதிக்கு வேறொன்று வரவேண்டும்.