சீலா வேட்டை: ஒரு சிற்றாய்வு

தூத்துக்குடி என்றதும் வெளியூர் நண்பர்கள் முத்தையும் உப்பையுமே நினைக்கின்றனர். முத்துக்குளித்தல் 1961-ஆம் ஆண்டோடு நின்று போயிற்று. உப்பு இன்றும் விளைகிறது. ஆனால் நம் கரையில் ஒரு மீனவர் இரு கைகளையும் அகல விரித்து, “இந்தா நீளம்!” என்று காட்டுவாராயின், அவர் மனத்தில் இருப்பது பெரும்பாலும் சீலா மீனாகும். சென்னையார் இதனை வஞ்சிரம் என்பர். நெய்மீன் என்பாரும் உளர். யாழ்ப்பாணத்தார் அறுக்குளா என்பர். விலங்கியலார் இட்ட பெயர் ஸ்கோம்பரோமோரஸ் கமர்சன்.

வட அமெரிக்காவின் பெரிய நன்னீர் ஏரிகளில் மஸ்கி என்றொரு மீன் உண்டு. பத்தாயிரம் முறை தூண்டில் வீசினால்தான் ஒன்று கிடைக்கும் என்று அந்நாட்டார் வேடிக்கையாகக் கூறுவர். பிடித்ததை அளந்து, படமெடுத்து, மீண்டும் நீரிலேயே விட்டுவிடுவோர் அங்கே மிகுதி. நம் சீலாவும் அதுபோல் பல்லும் வேகமும் உடைய வேட்டை மீனே. ஆயினும் அதைப் பிடிப்பவரின் நிலை வேறு. அந்த வேறுபாடே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் மீனைக் காண்போம். நீண்டு ஒடுங்கிய உடல்; வெள்ளிப் பக்கங்களில் அலையலையான குறுக்குக் கோடுகள். வயது ஏற ஏறக் கோடுகளின் எண்ணிக்கையும் கூடும். பக்கக்கோடு என்னும் உணர்வுக்கோடு, இரண்டாம் முதுகுத் துடுப்பு முடியும் இடத்தில் சட்டென்று கீழே வளைந்து இறங்கும். மற்றச் சீலா இனங்களிலிருந்து இதைப் பிரித்தறிய இந்த ஓர் அடையாளமே போதும். பற்கள் முக்கோண வடிவின, தட்டையானவை, கத்தி போன்றவை. உடலினுள் காற்றுப்பை கிடையாது. எனவே நீந்துவதை நிறுத்தினால் மீன் அமிழத் தொடங்கும். வாயைத் திறந்தபடி முன்னேறுவதால்தான் செவுள்களில் நீர் பாய்ந்து மூச்சும் நடைபெறுகிறது. இதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன், பின்னால் தேவைப்படும். 2 மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது இம்மீன். தூண்டிலில் பிடிபட்டு உலகச் சாதனையாகப் பதிவானது, 1982-இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கடலில் கிடைத்த 44.9 கிலோ மீனாகும்.

சாளை, நெத்திலி, முரல் முதலிய சிறுமீன் கூட்டங்களைத் துரத்தியே சீலா வாழ்கிறது. அச்சிறுமீன்கள் கூடும் இடங்களில் முக்கியமானவை ‘பார்’ எனப்படும் கடலடிப் பாறைத் திட்டுகள். முன்னாளில் முத்துச்சிப்பி விளைந்த அதே பார்கள்தாம் இவை! கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை ஒரே நேர்கோட்டில் கொண்டுவந்து, வேறு இரண்டை மற்றொரு கோட்டில் சேர்த்து, அவை வெட்டும் இடமே பார் என்று முதியோர் கணித்தனர். இன்று அந்த வேலையை ஜி.பி.எஸ். கருவி செய்கிறது. எனினும் என் தாய்மாமா கருவியைப் பார்த்தபின் ஒருமுறை கரையையும் திரும்பிப் பார்க்காமல் இருப்பதில்லை.

சென்ற ஆண்டு மே மாதம் அவருடன் திரேஸ்புரத்திலிருந்து வள்ளத்தில் சென்றேன். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். நாட்டுப்படகுகளுக்கு அத்தடை இல்லை. அந்நாள்களில் சீலாவின் விலை கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டுவது உண்டு. ஆதலால் ஒரு பெரிய மீன் என்பது எங்கள் வீட்டில் ஒரு வட்டித் தவணை.

முறை எளியது. வள்ளத்தை ஓட்டிக்கொண்டே நீண்ட நைலான் நரம்பைப் பின்னால் இழுத்துச் செல்ல வேண்டும். அதன் நுனியில் கம்பித் துண்டு, கம்பியில் தூண்டில், தூண்டிலில் முழு முரல் மீன். சீலா இரையை ஒரேயடியாக விழுங்குவதில்லை. முதலில் வாலை வெட்டி ஓட்டத்தை நிறுத்திவிட்டுத்தான் திரும்பி வரும். ஆகவே தூண்டில் முள் இரையின் வாற்பக்கம் இருக்க வேண்டும். விடியலும் மாலை மயங்கும் நேரமும் நல்லவை.

நான் படித்தவன் அல்லவா! கம்பி நீருக்குள் பளபளத்து மீனை விரட்டிவிடும் என்று எண்ணி, என் நரம்பில் கம்பி இல்லாமலே முள்ளைக் கட்டினேன். சூரியன் எழுவதற்குள் ஓர் இழுப்பு. அடுத்த கணம் கை வெறுமை. நரம்பின் நுனி சவரக் கத்தியால் அறுத்தாற்போல் இருந்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கம்பித் துண்டை எடுத்து என் மடியில் போட்டார்.

இரண்டாவது மீன் அவர் கயிற்றில் விழுந்தது. சைக்கிள் டியூப் துண்டு சுற்றிய விரல்களுக்கிடையே நரம்பு சீறிக்கொண்டு ஓடிற்று. ஓடவிட்டார், தளர்ந்தபோது இழுத்தார், மறுபடி ஓடவிட்டார். இருபது நிமிடங்களுக்குப் பின் கொக்கியால் வாரி உள்ளே போட்டோம். என் நாடாவில் 118 சென்டிமீட்டர். வயிற்றைத் தடவிப் பார்த்த மாமா, “சினை மீனு, மாப்ள” என்றார்.

“விட்டுறலாமா, மாமா?”

“விட்டா பொழைக்குமால இது?”

அவர் கேட்டது விலங்கியல் வினா. வகுப்பில் எனக்கு யாரும் அதைக் கேட்டதில்லை. ஓய்ந்து போன சீலா நீந்த இயலாது. நீந்தாவிடில் மூச்சு இல்லை. உடலில் கொக்கிக் காயம் வேறு. மஸ்கியை விடுவது போல் இதை விட்டால், பெரும்பாலும் பிணத்தைத்தான் கடலுக்குக் கொடுத்தவர்களாவோம்.

நம் காவிரியிலும் பிடித்து விடும் வழக்கம் இருந்தது. திமிலுடைய மஹசீர் மீனுக்காக வெளிநாட்டவரும் தேடி வந்தனர். 1946-இல் கபினியில் பிடிபட்ட ஒன்றின் எடை 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. ஆனால் அந்த இனத்திற்குத் தோர் ரேமாதேவி என்னும் பெயர் உறுதியானது 2018-இல்தான். அதே ஆண்டு அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாகவும் அறிவிக்கப்பட்டது. குஞ்சு பொரிப்பகங்களிலிருந்து ஆற்றில் விடப்பட்ட வேற்றின மஹசீர்கள் அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது ஒரு முக்கியக் காரணம். அதாவது தூண்டில்காரரின் நல்லெண்ணம் மட்டும் ஒரு மீனைக் காத்துவிடவில்லை.

சீலாவைப் பொறுத்தவரை, காப்பது மீன் அகப்படுவதற்கு முன்னரே நடைபெற வேண்டும் என்பது என் கருத்து. பெண் மீன் ஆணைவிடப் பெரிதாக வளர்வது. ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் அளவில்தான் முதிர்ச்சி அடைவது. பெரிய முள்ளையும் முழு முரலையும் கொண்ட தூண்டில், சிறு சீலாவை அதிகம் எடுப்பதில்லை. செவுள் வலையில் கண்ணின் அளவே மீனின் அளவைத் தீர்மானிக்கும். இழுவை மடியின் சிறுகண்களோ குஞ்சையும் விடுவதில்லை. ஆகவே சினை மீனைக் கொன்றாரே என்று மாமாவைக் குறை கூறும் முன், ஒரு முறையேனும் முட்டையிடும் வாய்ப்பின்றி ஏலத்திற்கு வரும் முழ நீளச் சீலாக்களை நாம் எண்ணிப் பார்த்தாக வேண்டும்.

அன்று அந்த மீன் 11 கிலோ 400 கிராம் நின்றது. முன்பணம் கொடுத்திருந்த வியாபாரி தம் பாகத்தைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார். டீசலுக்கும் தவணைக்கும் போக, மாமா எனக்கு ஐம்பது ரூபாயும் ஒரு தேநீரும் தந்தார்.

அதன்பின் சனிக்கிழமைகளில் நாடாவும் நோட்டுமாக ஏலக் கூடத்திற்குச் சென்று வருகிறேன். முதல் வாரம் சிரித்தார்கள். மூன்றாம் வாரம் மாமாவே ஒரு மீனை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டி, “இது எழுபது தேறாது. எழுதிக்கோ” என்றார். அளந்தேன், 52.