ஆற்றில் போட்டாலும் அளந்து போடு: கடைக்கு ஒரு கார்டு மெஷின்



நம்ம எலக்ட்ரானிக்ஸ் வகுப்பில் மாடுலேஷன், டேட்டா கம்யூனிகேஷன் என்று எத்தனையோ படிக்கிறோம். பரீட்சைக்கு முதல் நாள் மனப்பாடம் செய்கிறோம். மறுநாள் சாயங்காலமே மறந்துவிடுகிறோம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். ஆனால் 'அக்னாலெட்ஜ்மென்ட்' என்ற ஒரு வார்த்தையை மட்டும் இனி என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். அதை எனக்குப் புரிய வைத்தது பாடப் புத்தகம் இல்லை; ஒரு கொத்தனார்.

சென்ற கோடை விடுமுறையில், கோவில்பட்டியில் என் மாமா நடத்தும் ஹார்டுவேர், எலக்ட்ரிகல் கடைக்குக் கார்டு மெஷின் வாங்கி வைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. "நீதான் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறியே மாப்ளே, நீயே பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டார் மாமா. அதில் நான் கற்றதையும், செய்த ஒரு தவற்றையும் இங்கே எழுதுகிறேன். நாளைக்கு உங்கள் வீட்டுக் கடைக்கோ, நீங்கள் வேலைக்குப் போகும் இடத்துக்கோ இது உதவலாம்.

கியூஆர் இருக்கக் கார்டு எதற்கு?

நானும் இதைத்தான் முதலில் கேட்டேன். பெட்டிக்கடையில்கூட கியூஆர் அட்டை தொங்குகிற காலம் இது. மாமா சொன்ன பதில் எளிமையானது. "நூறு, இருநூறுக்கு அது போதும். காண்ட்ராக்டர் வந்து இருபதாயிரத்துக்கு ஒயரும் பைப்பும் எடுத்துட்டு கிரெடிட் கார்டை நீட்டுறாரு. மெஷின் இல்லேன்னா அடுத்த கடைக்குப் போயிடுறாரு." வியாபாரம் தெரிந்தவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சு ஏது?

விண்ணப்பம்

முதல் தேவை, கடையின் பெயரில் ஒரு கரண்ட் அக்கவுண்ட். சேமிப்புக் கணக்கை வைத்துக்கொண்டு போனால் வங்கியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எங்களிடம் கேட்டவை: பான் கார்டு, ஜிஎஸ்டி பதிவுச் சான்று, கடை முகவரிக்கு ஆதாரம், உரிமையாளரின் அடையாளச் சான்று, ரத்து செய்த ஒரு காசோலை, கடையின் உள்ளும் புறமும் எடுத்த போட்டோ. பிறகு வங்கியிலிருந்து ஒருவர் நேரில் வந்து, இப்படி ஒரு கடை உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் மூன்று எண்கள் வந்தன. ஒன்று, கடைக்கான மெர்ச்சன்ட் எண். இரண்டு, மெஷினுக்கான டெர்மினல் எண். மூன்று, என்ன வியாபாரம் என்பதைக் குறிக்கும் நான்கு இலக்கக் குறியீடு. ஹார்டுவேர் கடைக்கு 5251, மளிகைக்கு 5411 என்று உலகம் முழுக்க ஒரே பட்டியல்தான். முதல் இரண்டு எண்களையும் ஒரு அட்டையில் எழுதி மெஷினுக்கு அருகிலேயே ஒட்டி வையுங்கள். உதவி மையத்துக்குப் போன் செய்தால் அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

கையெழுத்து போடுவதற்கு முன் ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைப் படிக்க வேண்டும்: மாத வாடகை எவ்வளவு, ஒவ்வொரு வகைக் கார்டுக்கும் கழிவு எத்தனை சதவீதம், மெஷினை இடையில் திருப்பிக் கொடுத்தால் என்ன கட்டணம். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். வந்த பையன் வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பார்க்கட்டுமே!

கார்டை வைத்தால் என்ன நடக்கிறது?

பழைய கார்டுகளின் முதுகில் காந்தப் பட்டை மட்டும்தான். அதில் எழுதியிருப்பது என்றும் மாறாது. ஒருமுறை நகலெடுத்தால் போதும், திருடனுக்கு வேட்டை. சிப் அப்படியில்லை. அது ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். ஒவ்வொரு முறையும் அந்த வியாபாரத்துக்கு மட்டுமே செல்லும் ஒரு புதிய ரகசியக் குறியீட்டைக் கணக்கிட்டுத் தருகிறது. இதனால்தான் 2018 டிசம்பர் 31-க்குள் பட்டைக் கார்டுகளைச் சிப் கார்டுகளாக மாற்றும்படி ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. தொட்டுக் காட்டும் கார்டில் இதே வேலை 13.56 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் நடக்கிறது. 2021 ஜனவரி 1 முதல், ஒருமுறைக்கு 5,000 ரூபாய் வரை இந்த முறையில் பின் எண் இல்லாமலே வாங்க அனுமதி உண்டு.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம்ம லேப் பழக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மெஷினைத் திறந்து பார்க்கலாம் என்று கை துறுதுறுக்கும். வேண்டாம்! மூடியைத் திறந்தாலே உள்ளே இருக்கும் சங்கேதச் சாவிகள் அழிந்துபோகிற மாதிரிதான் வடிவமைத்திருக்கிறார்கள். பிறகு அது வெறும் பேப்பர்வெயிட்.

இனி செய்தியின் பயணத்தைப் பார்ப்போம். மெஷினிலிருந்து கிளம்பும் கேள்வி முதலில் கடைக்காரரின் வங்கிக்குப் போகிறது. அங்கிருந்து ரூபே, விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்புக்கு. அங்கிருந்து கார்டு கொடுத்த வங்கிக்கு. "பணம் இருக்கா? பின் எண் சரியா?" என்று பார்த்துவிட்டுப் பதில் அதே வழியாகத் திரும்ப வருகிறது. இதற்கான மொழி ஐஎஸ்ஓ 8583. கேள்விக்கு 0200, பதிலுக்கு 0210 என்று எண் உண்டு. பதிலுக்குள் 00 இருந்தால் சம்மதம். 51 என்றால் பணம் போதவில்லை. 55 என்றால் பின் எண் தவறு. 91 என்றால் கார்டு கொடுத்த வங்கி பேசவில்லை.

சரி, கேள்வி போய்ச் சேர்ந்து, அங்கே பணத்தையும் கழித்துவிட்டு, பதில் திரும்பி வரும் வழியில் லைன் அறுந்துவிட்டால்? மெஷின் கொஞ்ச நேரம் காத்திருக்கும். பதில் வராவிட்டால், 'அதை ரத்து செய்' என்று 0400 என்ற செய்தியை எழுதி வைத்துக்கொண்டு, லைன் வந்ததும் அனுப்பும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

207 ரூபாய் 9 காசு

ஸ்லிப் வந்துவிட்டால் பணம் வந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. ஸ்லிப் என்பது கார்டு கொடுத்த வங்கியின் சம்மதம். இரவில் மெஷினில் அன்றைய கணக்கை முடித்து அனுப்ப வேண்டும். அதன் பிறகுதான் பணம் கணக்கில் ஏறும். எங்களுக்கு மறுநாள் வந்தது.

முதல் நாள் மூன்று கார்டு வியாபாரம், மொத்தம் 15,700 ரூபாய். மறுநாள் கணக்கில் ஏறியதோ 15,492 ரூபாய் 91 காசு. "மாப்ளே, இருநூத்தி ஏழு ரூபாயக் காணோமே!" என்று மாமா பதறிவிட்டார். பேப்பரை எடுத்துப் போட்டோம்.

1. ரூபே டெபிட் கார்டு, 4,200 ரூபாய். 2020 ஜனவரி 1 முதல் இதற்குக் கழிவே கிடையாது.

2. வேறு டெபிட் கார்டு, 3,500 ரூபாய். 2018 ஜனவரி 1 முதல், ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்கு மேற்பட்ட கடைக்கு உச்ச வரம்பு 0.90 சதவீதம் (அதற்குக் குறைந்த கடைக்கு 0.40). எனவே 31.50 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், 5.67. ஆக 37.17.

3. கிரெடிட் கார்டு, 8,000 ரூபாய். எங்கள் ஒப்பந்தப்படி 1.8 சதவீதம், 144 ரூபாய், ஜிஎஸ்டி 25.92. ஆக 169.92.

37.17-ஐயும் 169.92-ஐயும் கூட்டினால் 207.09. காசு சுத்தமாக ஒத்துப்போனது! "அப்போ இந்த ரெண்டு பெர்சன்டை வர்றவங்ககிட்டயே கூட்டி வாங்கிட்டா?" என்றார் மாமா. கூடாது. டெபிட் கார்டுக் கழிவை வாடிக்கையாளர் தலையில் கடைக்காரர் கட்டாமல் வங்கிகள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. கிரெடிட் கார்டுக்கும் வாங்குவதில்லை என்று மாமா முடிவு செய்தார். "ஒருத்தருக்கு ஒரு விலை சொன்னா கடை நிக்காது" என்பது அவர் கணக்கு.

அன்று முதல் ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டேன்: பில் புக்கின்படி கார்டு விற்பனை, மெஷின் காட்டும் அன்றைய மொத்தம், வங்கியில் ஏறிய தொகை. முதல் இரண்டும் அச்சாக ஒத்துப்போக வேண்டும். மூன்றாவதில் குறைவது கழிவும் வரியும் மட்டுமே. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

அந்தச் சனிக்கிழமை

மெஷின் வந்து மூன்றாவது வாரம். கடைக்குப் பழக்கமான ஒரு கொத்தனார், தான் கட்டும் சொந்த வீட்டுக்கு மோட்டாரும் ஒயரும் எடுத்தார். 6,400 ரூபாய். கார்டைச் செருகினேன், பின் எண் போட்டார். மெஷின் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, லைன் இல்லை என்று நின்றுவிட்டது. ஸ்லிப் வரவில்லை.

"லைன் கட்டாயிடுச்சுண்ணே, இன்னொரு தடவை போடுங்க" என்றேன். போட்டார். ஸ்லிப் வந்தது. எனக்குப் பெருமை. அவர் மோட்டாரைத் தூக்கித் தோளில் வைக்கும்போது போன் இரண்டு முறை கூவியது. எடுத்துப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது.

"அண்ணாச்சி, ரெண்டு வாட்டி எடுத்திருச்சு. சாயங்காலம் நாலு பேருக்குக் கூலி கொடுக்கணும். அந்தப் பணம்தான் இது."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மாமா என்னைத் திட்டவில்லை. "மெஷின்ல மொத்தத்தைப் பாரு" என்றார். அன்றைய பட்டியலை அச்செடுத்தேன். அதில் 6,400 ஒரே ஒரு முறைதான். அதாவது இன்னொரு 6,400 எங்கள் கடைக்கு வரவில்லை, அவர் கணக்கிலும் இல்லை, நடுவழியில் நிற்கிறது. உதவி மையத்துக்குப் போன் போட்டோம். முதல் முயற்சிக்கு ரத்துச் செய்தி போயிருக்கிறது, அவருடைய வங்கியில் இன்னும் வரவாகவில்லை என்றார்கள். ஸ்லிப் வராமல் பணம் மட்டும் கழிந்தால் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈட்டுத்தொகை. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட விதி இது. நல்ல விதிதான். ஆனால் ஐந்து நாள் கழித்து வரும் பணம் சனிக்கிழமைக் கூலிக்கு ஆகுமா?

மாமா கல்லாவைத் திறந்து 6,400 ரூபாயை எண்ணி அவர் கையில் வைத்தார். "கைமாத்தா வச்சுக்கோங்க கொத்தனாரே. உங்க பணம் திரும்பி வந்ததும் கொடுங்க." எழுத்தில்லை, சாட்சியில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் கடை திறக்கும்போது கொத்தனார் வாசலில் நின்றார், கையில் பணத்தோடு.

ஸ்லிப் வராவிட்டால்

நான் செய்த தவறு என்ன? பதில் வராததை, 'இல்லை' என்ற பதிலாக எடுத்துக்கொண்டேன். அக்னாலெட்ஜ்மென்ட் வரவில்லை என்றால் நமக்கு எதுவும் தெரியாது என்றுதான் அர்த்தம். பரீட்சையில் இதற்கு இரண்டு மார்க். கடையில் நாலு பேர் கூலி. இப்போது மெஷின் பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு அட்டை இருக்கிறது:

1. ஸ்லிப் வரவில்லையா? உடனே மறுபடி கார்டைப் போடாதே.
2. மெஷினில் கடைசி வியாபாரத்தைத் திறந்து பார். ஏறியிருந்தால் நகல் ஸ்லிப் எடு.
3. ஏறவில்லையா? வாடிக்கையாளருக்கு வங்கிச் செய்தி வந்ததா என்று கேள். இரண்டு நிமிடம் பொறு.
4. பணம் கழிந்திருந்தால் நேரம், தொகை, டெர்மினல் எண்ணை எழுதிக் கொடு. அவர் தன் வங்கியில் சொல்லட்டும்.
5. சந்தேகம் இருந்தால் உதவி மையம். அதுவரை அவர் சொல்வதைப் பொய் என்று நினைக்காதே.

ஐந்தாவது விதியின் கடைசி வரி மாமா சொல்லி எழுதியது.

இன்னொன்று. அந்த ஸ்லிப் வெப்பத்தால் அச்சாகும் தாள். சில மாதத்தில் எழுத்து மங்கிவிடும். பெரிய தொகைகளை ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் வையுங்கள். பின்னால் யாராவது "நான் வாங்கவே இல்லை" என்று வங்கியில் புகார் செய்தால் அதுதான் கடைக்குச் சாட்சி.

நண்பர்களே, டிப்ளமோ முடித்து நாம் எந்த மெஷினைப் பொருத்தப் போனாலும், ஒயரைச் சரியாக மாட்டுவதோடு வேலை முடிவதில்லை. அது பாதியில் நின்றால் எதிரே நிற்பவருக்கு என்ன ஆகும் என்பதையும் யோசித்து வைத்தால்தான் நாம் டெக்னீஷியன். கொத்தனாரின் வீட்டில் இப்போது அந்த மோட்டார் ஓடுகிறது. போன மாதம் டேங்க் நிரம்பி வழிகிறது, என்ன செய்ய என்று என்னைத்தான் கூப்பிட்டார். போய் ஃபுளோட் சுவிட்ச் மாட்டிவிட்டு வந்தேன். அதற்கு மட்டும் பணம் வாங்கவில்லை!